நவம்பர் நாவலுக்கு அக்டோபர் வேலைகள்

முப்பது நாளில் ஒரு நாவலின் முதல் வரைவை எழுதி முடிக்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில்.

நவம்பரில் 50,000 சொற்கள் எழுதும் போட்டியை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்களே? நான் தமிழில் எழுதுகிறேன். எனக்கும் அதே கணக்குதானா?
– வாசகி, ஈரோடு

1999 ஜூலையில் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 21 பேர் சேர்ந்து தொடங்கியது 'நானோரைமோ' என்ற அந்தப் போட்டி. அடுத்த ஆண்டே நவம்பருக்கு மாறியது. அதை நடத்திவந்த அமைப்பு மூடப்படுவதாக 2025 மார்ச் இறுதியில் அறிவிப்பு வந்தது. அதனால் என்ன? நவம்பர் இருக்கிறது, நோட்டு இருக்கிறது. கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

50,000 என்பது ஆங்கிலத்துக்கு வைத்த அளவு. 'வீட்டிலிருந்துதான்' நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று நான்கு சொற்கள் வேண்டும். தமிழுக்கு 30,000 நியாயமான இலக்கு. 'வந்து விட்டான்' என்று பிரித்தால் கணினி இரண்டாக எண்ணும், 'வந்துவிட்டான்' என்று சேர்த்தால் ஒன்று. ஏதாவது ஒரு முறையை முதல் நாளே தேர்ந்துகொண்டு மாதம் முழுக்க அப்படியே எழுதுங்கள். கையால் எழுதுவதானால் உங்கள் நோட்டில் மூன்று பக்கத்துச் சொற்களை எண்ணிச் சராசரி எடுங்கள். பிறகு பக்கத்தை எண்ணினாலே போதும்.

ஒரு நாளைக்கு 1,000 சொல் என்றால் சமாளித்துவிடலாம்தானே?
– வாசகர், திருச்சி

முப்பது நாளும் உட்கார முடிந்தால் சரி. ஆனால் 2026-இல் தீபாவளி நவம்பர் 8. பலகாரம் சுடுவதும் ஊருக்குப் போய்வருவதுமாக மூன்று நாள் போய்விடும். காய்ச்சல், தலைவலிக்கு ஒரு நாள். ஆக 26 நாள். 30,000-ஐ 26-ஆல் வகுத்தால் சுமார் 1,155 வரும்.

அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அக்டோபரிலேயே அளந்து பாருங்கள். நவம்பரில் எந்த நேரத்தில் எழுதப்போகிறீர்களோ, அதே நேரத்தில் அலாரம் வைத்து 20 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். வேறு வேறு நாளில் மூன்று முறை. சராசரி 250 சொல் வந்தால், 1,155-க்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். காலையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்குமென்றால் மீதி அரை மணியை எங்கே எடுப்பது என்று வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பாதியில் நின்றுபோகும் பல முயற்சிகளில் கதை தீர்ந்திருக்காது, நேரம்தான் கிடைத்திருக்காது.

முழுக் கதையையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

வேண்டாம். முதல் பத்து நாளுக்குப் பன்னிரண்டு காட்சிகள், கடைசியில் கதை எங்கே போய் நிற்கும் என்று இரண்டு வரி. அவ்வளவு போதும். அதற்கு மேல் எழுதி வைத்தாலும், பாத்திரங்கள் பேசத் தொடங்கியதும் பாதி மாறிவிடும்.

ஆனால் அந்தப் பன்னிரண்டையும் சரியாக எழுத வேண்டும். 'கல்யாண வீட்டில் சண்டை' என்று மட்டும் குறித்து வைத்தால் நாலு பத்தியில் தீர்ந்துபோகும். யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, முடிவில் என்ன மாறுகிறது என்ற மூன்றும் குறிப்பில் இருக்கட்டும். இப்படி: 'அடகு வைக்கக் கொடுத்த வளையலைத் திருப்பிக் கேட்க மாமனாரைத் தேடுகிறாள் மருமகள். பந்தி நடக்கிறது, சுற்றிலும் சம்பந்தி வீட்டார். பாயசம் ஊற்ற வரும் நாத்தனார் கையில் அதே வளையல்.' இதை 1,000 சொல்லுக்குள் அடக்குவதுதான் சிரமம்.

இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள்: யார் எந்தப் பேச்சில் பேசுவார்கள்? 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை மதுரைக்காரர் 'வந்துக்கிட்டு இருக்கேன்' என்பார். கோவைக்காரர் 'வந்துட்டிருக்கேனுங்க' என்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இப்படிப் பதினைந்து சொற்களைக் குறித்து வையுங்கள். இது இல்லாமல் தொடங்கினால், மூன்றாம் நாள் பழைய பக்கங்களைத் திருத்த உட்கார்ந்து அன்றைய கணக்கைக் கோட்டை விடுவீர்கள்.

செல்போனில் பேசியே எழுதலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

உரையாடலுக்கு நன்றாகவே உதவும். நிறுத்தக்குறியும் பத்தி பிரிப்பும் சரியாக வராது. லகர, ளகர, ழகரம் இடம் மாறும். அன்றிரவே திருத்தாதீர்கள். சந்தேகமான இடத்தில் ## என்று போட்டுவிட்டு நகருங்கள். டிசம்பரில் அந்தக் குறியைத் தேடினால் எல்லா இடமும் கிடைத்துவிடும். ஊர்ப் பெயர், பஸ் நேரம் என்று தெரியாத தகவலுக்கும் இதே குறிதான். இணையத்தில் தேடப் போனால் அரை மணி போய்விடும்.

யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். நவம்பர் மழைக்காலம் வேறு, கரண்ட் போகும். தினமும் எழுதி முடித்ததும் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

நடுவில் மூன்று நாள் விட்டுப்போனால்?
– வாசகர், சேலம்

சுமார் 3,465 சொல் பாக்கி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடைக்கப் பார்க்காதீர்கள். திங்கட்கிழமை பேனாவைத் தொடவே மனம் வராது. இன்னும் 14 எழுத்து நாள் இருந்தால், நாளுக்கு 250 கூட்டினால் கணக்கு நேராகிவிடும். காட்சியை முடித்துவிட்டு எழுந்திருக்கவும் வேண்டாம். நாத்தனார் பாயச வாளியோடு குனிகிறாள், வளையல் கண்ணில் படுகிறது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். மருமகள் என்ன கேட்கப்போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.