முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் தமிழரா?

ஆம். மதுரையிலிருந்து வந்த எஸ்.எம். நாயகம்தான் அவர். 'கடவுணு பொறொந்துவ' என்ற அந்தப் படம் 1947 ஜனவரி 21 அன்று கொழும்பு கிங்ஸ்லி திரையரங்கில் திரையிடப்பட்டது. அப்போது இலங்கையில் பேசும் படம் எடுக்க வசதியான ஸ்டூடியோ இல்லை. அதனால் சிங்கள நாடகக் குழுவையே கடல் கடந்து மதுரைக்கு அழைத்துச் சென்று, தமது சித்ரகலா ஸ்டூடியோவில் படமாக்கினார். இயக்குநர் ஜோதிஷ் சின்ஹா வங்காளி. கதாநாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். அந்த 'ராசம்மா'வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பிறகு நாயகம் கொழும்புக்கு வடக்கே கந்தானையில் ஸ்டூடியோவே கட்டினார். பெயர் ஸ்ரீ முருகன் நவகலா. இந்தியத் திரைத்தொழிலின் நுட்பம் இங்கே வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.