சுவத்துல ஒட்டுற எழுத்து ஸ்டிக்கர்: மலைநாட்டு வீடுகளுக்கு ஒரு கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் போர்டு, ஸ்டிக்கர் வேலைதான் எனக்கு தொழில். வீட்டு சுவத்துல பேரு, வாசகம் ஒட்டுறத பத்தி நெறய பேர் கேட்டிருந்தீங்க, எல்லாத்துக்கும் இங்கயே பதில் சொல்றேன். மொதல்ல ஒன்னு. எல்லாரும் எந்த ஸ்டிக்கர் நல்லதுன்னு கேக்குறீங்க, சுவரு எப்படி இருக்குன்னு யாரும் சொல்றதில்ல. நம்ம பக்கம் எழுத்து கழண்டு விழுறதுக்கு பெரும்பாலும் காரணம் சுவருதான்.

மஸ்கெலியா, ஒரு அக்கா: தம்பி, எங்களது தோட்டத்து லயத்து காம்பரா, வரிசை வீட்டு ரூம். பழைய சுண்ணாம்பு சுவரு, மேல பெயிண்ட் அடிச்சிருக்கோம். மக பேர வெட்டி ஒட்டுனோம், ஒரு கிழமையில ஒவ்வொரு எழுத்தா விழுந்துருச்சு. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

அக்கா, கடைக்காரர திட்ட முன்னாடி விழுந்த எழுத்துல ஒன்ன எடுத்து பின்பக்கம் திருப்பி வெளிச்சத்துல பாருங்க. பசை மேல வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருந்தாலோ, பெயிண்டே தோலு கணக்கா உரிஞ்சு வந்திருந்தாலோ ஸ்டிக்கர் மேல தப்பில்ல. பசை பெயிண்ட கெட்டியாதான் புடிச்சிருக்கு, பெயிண்ட்தான் அடியில உள்ள சுண்ணாம்ப புடிக்கல. பழைய லயத்து சுவத்துல வருசா வருசம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அடிச்ச சுண்ணாம்பு பல படையா இருக்கும், அது மேல நேரா எமல்ஷன் அடிச்சா பாக்க அழகா இருக்கும், ஆனா பிடிமானம் இருக்காது.

செக் பண்றது லேசு. உள்ளங்கையால சுவத்த நல்லா தேய்ங்க, கையில வெள்ளையா வந்தா ஒட்டாதீங்க. வரலன்னா ஒரு செலோடேப் துண்ட அழுத்தி ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு வெடுக்குன்னு இழுங்க. டேப்போட பெயிண்ட் வந்துச்சுன்னா அந்த சுவத்துல எந்த ஸ்டிக்கரும் நிக்காது, நின்னாலும் கழட்டுறப்ப சுவரோட வந்துரும்.

சரி பண்ணனும்னா தளர்ந்த சுண்ணாம்ப கம்பி பிரஷால சுரண்டி, தூசி தட்டி, சுண்ணாம்பு சுவத்துக்குன்னு கேட்டு பிரைமர் வாங்கி அடிச்சு, அதுக்கு மேல பெயிண்ட் அடிக்கணும். சுரண்டுறப்ப மூக்கு வாய கட்டிக்கங்க, புள்ளைங்கள வெளியில அனுப்பிருங்க. இவ்வளவு வேலை முடியாதுன்னா ஒரு ஹார்ட்போர்ட் துண்டுக்கு எனாமல் பெயிண்ட் அடிச்சு, நல்லா காய விட்டு அதுல பேர ஒட்டி மாட்டிருங்க. லயத்து வீட்டுக்கு நான் இததான் முதல்ல சொல்லுவேன். நாளைக்கு புது வீடு கெடச்சு போனாலும் மக பேரு கூடவே வரும்.

தலவாக்கலை, ஒரு அண்ணன்: ஹாலு பின்சுவரு மண்மேட்ட ஒட்டி இருக்கு. கருப்பு புள்ளி புள்ளியா பூஞ்சணம் வருது. துடைச்சிட்டு ஒட்டலாமா?

அவசரப்படாதீங்கண்ணே. ஈரம் எங்கருந்து வருதுன்னு முதல்ல பாருங்க. ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பொலித்தீன சுவத்துல வச்சு நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்க. சுவர பாத்த பக்கம், அதாவது உள்பக்கம் தண்ணி முத்து கட்டியிருந்தா சுவத்துக்குள்ள இருந்து ஈரம் வருது, வெளிப்பக்கம் கட்டியிருந்தா ரூமுக்குள்ள உள்ள ஈரக்காத்துதான் குளுந்த சுவத்துல படியுது. ரெண்டாவதுன்னா ஜன்னல தெறந்து வச்சு, உள்ள துணி காயப்போடாம இருந்தாலே நெறய கொறையும். மொதலாவதுன்னா மேட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல கான் வெட்டி தண்ணிய திருப்பி விடாம உள்ள என்ன செஞ்சாலும் வீண்தான், அந்த சுவர விட்டுட்டு வேற சுவர பாருங்க.

பூஞ்சணத்துக்கு பிளீச் போடுறதா இருந்தா தண்ணி கலந்து, ஜன்னல் கதவ தெறந்து வச்சுட்டு போடுங்க. வினிகரையோ டொய்லட் கழுவுற அசிட்டையோ அதோட கலந்துறாதீங்க, விசவாயு வரும். இன்னொன்னு, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே மாசம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, சுவரு காயவே காயாது. ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள வேலைய வச்சுக்கங்க. பதுளை, பண்டாரவளை பக்கம் வருச கடைசி மழைதான் பெருசு, அவங்களுக்கு ஜூன் ஜூலையில வர்ற காஞ்ச காத்து காலம் தோது.

நுவரெலியா, ஒரு தங்கச்சி: ராத்திரி வேலை முடிஞ்சு வந்து ஒட்டுனேன் அண்ணா. எழுத்துங்கள சேத்து தூக்கி வைக்க மேல ஒட்டியிருக்கிற அப்ளிகேஷன் டேப்ப உரிக்க உரிக்க எழுத்தும் கூடவே வருது.

குளிருதான் காரணம்மா. சாதாரண வினைல், அதாவது ஸ்டிக்கர் வெட்டுற பிளாஸ்டிக் தாளு, அதோட பசைக்கு ஒட்டுற நேரத்துல கொறஞ்சது 10 பாகை செல்சியஸாவது இருக்கணும். உங்க ஊரு 1,800 மீட்டருக்கு மேல இருக்கு, ராத்திரியில சுவரு அதுக்கும் கீழ போகலாம். பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவுல ஒட்டுங்க. ஒட்டுற இடத்த ஹேர் ட்ரையரால லேசா சூடு காட்டி, பழைய பேங்க் கார்டால நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்தி தேய்ங்க. டேப்ப நேரா முன்னுக்கு இழுக்காம சுவத்தோட சாய்ச்சு மடிச்சு மெதுவா உரிங்க. எழுத்து ஒட்டிக்கிட்டு வந்தா நிப்பாட்டி, திரும்ப படுக்க வச்சு தேச்சுட்டு தொடருங்க.

பண்டாரவளை, ஒரு மாமா: புது வீடு, போன கிழமைதான் பெயிண்ட் அடிச்சோம். வார ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறோம். அதுக்குள்ள சுவத்துல பேர ஒட்டலாமா?

மாமா, அன்னைக்கு போர்டுல ஒட்டி மாட்டிருங்க. தொட்டா காஞ்ச மாதிரிதான் தெரியும், ஆனா பெயிண்ட் உள்ள முழுசா இறுக மூனு நாலு கிழமை வேணும். அதுக்கு முன்னாடி ஒட்டுனா பசையும் புடிக்காது, கழட்டுறப்ப பெயிண்டும் வரும். கறை புடிக்காத, கழுவுற பெயிண்ட் அடிச்சிருந்தா கறை புடிக்காத மாதிரியே ஸ்டிக்கரும் புடிக்காம போகலாம், அதனால எந்த வேலைக்கும் முதல்ல ஒரு எழுத்த ஒட்டி ரெண்டு நாள் பாருங்க.

கொட்டகலை, ஒரு தம்பி: அம்மாயி எப்பவும் சொல்ற "இருக்கிறத பகுந்து சாப்புடுங்க"ன்னு ஒரு வரிய வெட்டக் குடுத்தேன். கொம்பு எல்லாம் எழுத்துக்கு பின்னாடி போயி, புள்ளி பாதி இல்லாம வந்திருக்கு.

தம்பி, அம்மாயி சொன்ன வார்த்தைய சுவத்துல வைக்கணும்னு நெனச்சீங்களே, ரொம்ப சந்தோசம். கடையில ரெடிமேடா விக்கிற இங்கிலீஷ் வாசகத்த விட வீட்டு ஆளு சொன்ன ஒரு வரி எவ்வளவோ மேல்.

நம்ம நாட்டுல அச்சுக் கடைங்க நெறய இன்னும் பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவுலதான் வேலை செய்யுது. நீங்க போன்ல அடிக்கிறது யூனிகோட். ரெண்டும் வேற வேற. மாத்தாம போட்டா கட்டம் கட்டமாவோ கன்னாபின்னான்னோ வரும், பழைய டிசைன் சொப்ட்வேர்ல கொம்பு இடம் மாறி நிக்கும். கன்வெர்ட்டர்ல மாத்த சொல்லுங்க, இல்லாட்டி நீங்களே பிடிஎப்பா எடுத்து குடுத்து, எழுத்த கர்வ்ஸா, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமா மாத்தி வெட்ட சொல்லுங்க. வெட்ட முன்னாடி ஸ்க்ரீன்ல உள்ளத படம் புடிச்சு அனுப்ப சொல்லி, வீட்டுல தமிழ் நல்லா தெரிஞ்ச ஒருத்தர வச்சு ஒவ்வொரு எழுத்தா பாருங்க.

புள்ளி விசயம் வேற. வெட்டுன பொறகு சுத்தி உள்ள கழிவு வினைல உரிச்சு எடுக்குறப்ப சின்ன புள்ளி அதோட போயிரும். மெல்லிசு எழுத்துரு வேணாம், தடிச்சதா எடுங்க, எழுத்து உயரம் ரெண்டு இஞ்சிக்கு கொறையாம வைங்க. ணை, ழு, ஞ மாதிரி சுழி உள்ள எழுத்து அதுக்கு கீழ போனா தூரத்துல இருந்து பாக்க அடைஞ்ச மாதிரி தெரியும். கூடுதலா பத்து புள்ளி தனியா வெட்டித்தர சொல்லி கேளுங்க.

நோர்வூட், ஒரு டீச்சர்: தோட்டத்து புள்ள மடுவத்துல, அதான் சின்ன புள்ளைங்கள பாத்துக்குற எடத்துல, அ, ஆ ஒட்டலாம்னு இருக்கோம். 247 எழுத்தும் ஒட்டணுமா?

வேணாம் டீச்சர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்னு போதும். நாலு அஞ்சு இஞ்சி உயரத்துல, புள்ளைங்க கண்ணுக்கு நேரா, தரையில இருந்து மூனு அடிக்கு கிட்ட ஒட்டுங்க. மெய்யெழுத்து புள்ளிய மட்டும் சின்ன புள்ளைங்க நோண்டி வாயில போட்டுரும், அதனால எழுத்தையும் புள்ளியையும் ஒரே வட்ட ஸ்டிக்கர்ல அச்சடிச்சு ஒட்டுறது பாதுகாப்பு.

கண்டி, வாடகை ரூம்ல படிக்கிற தங்கச்சி: போறப்ப சுவத்துல அடையாளம் இருந்தா வீட்டுக்காரர் அட்வான்ஸ்ல புடிப்பார்.

வாங்குறப்பவே "மேட், ரிமூவபிள்"னு, அதாவது பளபளப்பு இல்லாத, கழட்டக்கூடிய வகைய கேட்டு வாங்குங்க. கடையில கைக்கு வர்றது பெரும்பாலும் த்ரீவீலுக்கும் வேனுக்கும் ஒட்டுற பளபளப்பு வினைல், அது வெயில் மழைக்கு நிக்க செஞ்ச நிரந்தர பசை, வீட்டு சுவத்துல இருந்து எடுக்குறப்ப பெயிண்டையும் கூட்டிட்டு வரும். கழட்டுறப்ப ஹேர் ட்ரையர் சூட்டுல பசைய இளக வச்சு, ஒரு மூலைய நகத்தால தூக்கி, எழுத்த அது மேலயே மடிச்சு சுவத்தோட படிஞ்சாப்ல மெதுவா இழுங்க. மிச்ச பசைய சவக்காரத் தண்ணியில நனைச்ச துணியால துடைங்க, தின்னர் போட்டுறாதீங்க, எமல்ஷன் கரைஞ்சு இன்னும் பெரிய அடையாளம் விழும். வருசக்கணக்கா விட்டா பசை இறுகிரும், அதனால ரூம மாத்துற வரைக்கும் காத்திருக்காம இடையில மாத்தி மாத்தி ஒட்டுறது நல்லது. அடியில பெயிண்ட் நிறம் மங்காம இருந்து எழுத்து வடிவம் தெரிஞ்சா அது வெளிச்சத்தோட வேலை, துடைச்சு போகாது.

ஒரு அக்கா: சாமி ரூம்லயும் அடுப்படியிலயும் ஒட்டலாமா?

விறகு அடுப்புன்னா அடுப்படி வேணாம், புகையோட படியிற எண்ணெய் பிசுக்குல பசை நிக்காது. டைல்ஸ் இருந்தா பிசுக்கு எடுத்து, நல்லா காய வச்சு ஒட்டலாம். சாமி ரூம்ல விளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் நேர் மேல ஒட்டவே ஒட்டாதீங்க, வினைல் பிளாஸ்டிக்தான், சூட்டுல சுருங்கும், நெருப்பு பட்டா கருகும். பக்கத்து சுவத்துல வைங்க.

இன்னொரு தம்பி: கழட்டுன எழுத்த திரும்ப ஒட்ட முடியுமா?

முடியாது தம்பி. இழுக்குறப்பவே நீண்டு கோணிரும், பசையில சுவத்து தூசி ஏறிரும். டிசைன் பைல கடையில இருந்து கேட்டு வாங்கி போன்ல வச்சுக்கங்க, அடுத்த வீட்டுக்கு வேற நிறத்துல வெட்டிக்கலாம்.