முட்டை சொல்லும், மற்ற செல்கள் கேட்கும்: சினைப்பை மரபணுக்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: முட்டை வளர்வதை ஹார்மோன்தானே முடிவு செய்கிறது? மரபணுவுக்கு அங்கே என்ன வேலை?

ப: மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் கை ஓங்குவது முட்டை வளர்ச்சியின் பிற்பாதியில்தான். அதற்கு முன்னால், தன்னைச் சுற்றியிருக்கும் கிரானுலோசா செல்களை முட்டையே ஆட்டி வைக்கிறது. 2002இல் அமெரிக்க ஆய்வாளர் எப்பிக்கின் குழுவினர், ஓரளவு வளர்ந்த எலி முட்டைகளைப் பிறந்த குட்டியின் சினைப்பை செல்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். நுண்ணறை, அதாவது முட்டையும் அதைச் சுற்றிய செல்களும் சேர்ந்த சிறு பை, ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் வளர்ந்தது. ஆனால் அது எலி, மறந்துவிடாதீர்கள்.

கே: நான் கால்நடை மருத்துவ மாணவன். நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறியில் ஒரே மரபணு மாற்றம் குட்டிகளைக் கூட்டவும் செய்கிறது, மலடாக்கவும் செய்கிறதாமே?

ப: நல்ல கேள்வி. அந்த மரபணு பி.எம்.பி.15. எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 2000இல் அடையாளம் கண்டார்கள். இது முட்டை சுரக்கும் புரதம். கிரானுலோசா செல்களைப் பெருகச் சொல்லும், அதே சமயம் எஃப்.எஸ்.எச்.சுக்கு அவை அவசரப்பட்டுப் பதில் சொல்லாமலும் பார்த்துக்கொள்ளும். பெட்டையின் ஒரு பிரதி கெட்டால் அந்தப் பிடி தளர்கிறது. நுண்ணறைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்து, ஒரே சுற்றில் கூடுதல் முட்டைகள் வெளியாகின்றன. இரண்டும் கெட்டால் பெருகச் சொல்ல ஆளே இல்லை. நுண்ணறை முதல் படியிலேயே நின்றுவிடும், சினைப்பை வெறும் கோடு போலச் சுருங்கிவிடும். இந்த மாற்றம் உள்ள கிடா மலடில்லை. அந்த மாற்றத்தைத் தனக்குப் பிறக்கும் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் கொடுக்கும். ஆகவே அந்தக் கிடாவை ஒரு பிரதி கெட்ட பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைகளில் சராசரியாகப் பாதி மலடு. சரி, எலியில் இதே மரபணுவை முழுக்க நீக்கினால்? குட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்!

கே: ஏ.எம்.எச். குறைவாம். கருத்தரிக்கவே முடியாதா?

ப: ஏ.எம்.எச். நுண்ணறைகள் சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் அதன் அளவு முட்டைக் கையிருப்பைக் காட்டும், முட்டையின் தரத்தைக் காட்டாது. மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: எனக்கு ஏ.எம்.எச். 0.8...

ப: மேலே பாருங்கள்.

கே: சினைப்பை வாழ்நாள் முழுக்கப் புது முட்டை உண்டாக்கும் என்று 2004இல் ஹார்வர்டில் காட்டிவிட்டார்களே? நீங்கள் கையிருப்பு என்கிறீர்கள்.

ப: அது எலி. கருவின் 20ஆவது வாரத்தில் பெண்ணுக்கு 60 முதல் 70 லட்சம் முட்டைகள், பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், அப்புறம் இறங்குமுகம்தான்.

கே: 2012இல் மனித சினைப்பையிலேயே புது முட்டை தரும் ஸ்டெம் செல் எடுத்தார்களே சார்!

ப: எடுத்ததாகச் சொன்னார்கள். முட்டைக்கும் அதன் முன்னோடி செல்லுக்கும் அடையாளமான டி.டி.எக்ஸ்.4 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்துப் பிரித்த செல்கள் அவை. 2020இல் ஸ்வீடன் குழு ஒன்று மனித சினைப்பை செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. அதே ஆன்டிபாடியில் சிக்கியவை ரத்தக்குழாயை ஒட்டிய செல்கள். முட்டை தரும் ஸ்டெம் செல் கிடைக்கவில்லை.

கே: "கிடைக்கவில்லை" என்றால் "இல்லை" என்று ஆகிவிடுமா?

ப: ஆகாதுதான். ஆனால் இருக்கிறது என்பவர்தான் காட்ட வேண்டும். அதிலிருந்து நல்ல முட்டை, அதிலிருந்து ஒரு குழந்தை. அதுவரை என் கட்சி இதுதான்.

கே: நுண்ணறைகளை உறங்க வைக்கும் ஃபாக்ஸோ3 மரபணு இல்லாத எலிகளில் நுண்ணறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து, சீக்கிரமே தீர்ந்துவிடுமாமே? ஃபாக்ஸோ3ஐக் கூட்டினால் மெனோபாஸைத் தள்ளிப்போடலாமா?

ப: 2003 ஆய்வு, உண்மைதான். எலி, ஐயா, எலி.