கம்ப்யூட்டரில் வரைய எந்த கிராபிக்ஸ் டேப்லெட் வாங்கலாம்? திரை இல்லாததில் கை பழகுமா?

பழகும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து தேடியவன். பேப்பரில் பென்சில் பிடித்தால் நினைத்தது வருகிறது. கம்ப்யூட்டரில் மவுஸை வைத்து ஒரு மூக்குகூடப் போட முடியவில்லை. சரி, பேனாவை ஓட்டினால் கோடு கம்ப்யூட்டர் திரையில் விழுகிற பலகையான டேப்லெட்டை வாங்கலாம் என்றால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்களும் இந்த நிலையில்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மாடல் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. வாகாம், ஹுயான், எக்ஸ்பி-பென் என மூன்றிலும் வரைந்திருக்கிறேன். மூன்றிலும் நல்ல மாடலும் உண்டு, சுமாரான மாடலும் உண்டு. இன்று நான் ஒன்றைச் சொன்னால் அடுத்த வருடம் அது கடையில் இருக்காது. தவிர, எனக்கு ஏழு மாதம் வீணாகப் போனதற்குக் கம்பெனி காரணம் இல்லை. அளவு தெரியாமல் வாங்கியதும், ஒரு செட்டிங்கைக் கவனிக்காமல் விட்டதும்தான் காரணம்.

முதலில் நான் வாங்கியது பைக்குள் அடங்குகிற சின்ன டேப்லெட். பெட்டியின் மேல் அழுத்த அளவு (பேனாவின் அழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரித்து அறியும் என்ற எண்) 2048 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். வரையும் பரப்பு 15.2க்கு 9.5 சென்டிமீட்டர் என்பது பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதை நான் படிக்கவே இல்லை. என் மானிட்டர் 24 அங்குலம்.

பாட்டியின் முகத்தை வரைவது என்று ஆரம்பித்தேன். ஒடுங்கிய முகம், ஒட்டிய கன்னம். பேப்பரில் அந்த முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். திரையில் வந்தது வேறு யாரோ. கன்னம் உப்பியிருந்தது, நெற்றி அகலமாக இருந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே அகலமான முகம். கண் இமையின் மேல்கோடு ஒரே இழுப்பில் வர வேண்டியது, நடுவில் இரண்டு இடத்தில் நடுங்கியது. மாதக்கணக்கில் இப்படியே போனது. பதினைந்து வருடமாக வரைகிற கை போய்விட்டது என்றே நம்பிவிட்டேன். அந்த நாட்களில் பேப்பரையும் தொடவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத வருத்தம்.

ஒரு நாள் தற்செயலாக, ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு டப்பா மூடியை டேப்லெட் மேல் வைத்து, அதைச் சுற்றிப் பேனாவை ஓட்டினேன். திரையில் வந்தது வட்டம் இல்லை, படுத்த முட்டை. ஸ்கேலை எடுத்துத் திரையிலேயே வைத்து அளந்தேன். குறுக்கே பதினேழரை சென்டிமீட்டர் வந்தது, நெடுக்கே பதினாறுகூட வரவில்லை. பாட்டியின் கன்னம் உப்பியது என் கையால் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

விஷயம் இதுதான். மவுஸை எடுத்து வேறு இடத்தில் வைத்தாலும் அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். டேப்லெட் அப்படி இல்லை. அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் ஒரு இடம் உண்டு. இடது மேல் மூலையில் பேனாவை வைத்தால் அம்பும் திரையின் இடது மேல் மூலைக்குப் போகும். என் டேப்லெட்டின் அகல உயர விகிதம் 16:10, மானிட்டரின் விகிதம் 16:9. டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து இயக்கும் மென்பொருளான டிரைவர், ஒன்றை இழுத்து இன்னொன்றின் மேல் போர்த்திவிட்டது. அதனால் நான் போட்டதெல்லாம் பத்து சதவீதத்துக்கு மேல் அகன்று விழுந்தது. டிரைவர் செட்டிங்கில் விகிதத்தைப் பூட்டுவதற்கு ஒரு கட்டம் இருக்கும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் பெரும்பாலும் இருக்கும். அதை டிக் செய்தேன். டேப்லெட்டின் கீழே ஒரு சென்டிமீட்டர் பட்டை உபயோகமில்லாமல் போனது, ஆனால் வட்டம் வட்டமாக வந்தது. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சில டிரைவர்கள் இரண்டு திரைக்கும் சேர்த்து டேப்லெட்டைப் பரப்பிவிடும். வரைகிற திரையை மட்டும் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

முகம் சரியானது. நடுக்கம் போகவில்லை. அதற்குக் காரணம் அளவு. 15 சென்டிமீட்டர் அகலப் பரப்பு, என் மானிட்டரின் 53 சென்டிமீட்டர் அகலத் திரையை ஆள வேண்டும் என்றால், கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் கோடு மூன்றரை சென்டிமீட்டர் ஓடும். கையின் சின்ன நடுக்கமும் அதே மூன்றரை மடங்காகும். நடுத்தர அளவு, அதாவது 21 அல்லது 22 சென்டிமீட்டர் அகலத்துக்கு மாறியபோது அது இரண்டரை மடங்காகக் குறைந்தது. இமைக் கோடு முதல் வாரத்திலேயே ஒரே இழுப்பில் வந்தது.

சின்ன டேப்லெட்டிலேயே பிரமாதமாக வரைகிறவர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். தெரியும், இருக்கிறார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து வரைகிறவர்களுக்கும் போட்டோ திருத்துகிறவர்களுக்கும் சின்னது தாராளமாகப் போதும். நான் முழங்கையிலிருந்து கையை வீசி வரைகிறவன். நீங்கள் எப்படி என்று தெரிய, ஒரு வெள்ளைத் தாளில் வழக்கம்போல ஒரு முகம் போடுங்கள். போடும்போது முழங்கை நகர்கிறதா, மேசையில் ஊன்றியே இருக்கிறதா என்று பாருங்கள். முகம் எவ்வளவு அகலம் வந்தது என்று அளந்துகொள்ளுங்கள். எந்த விமர்சன வீடியோவையும்விட அந்த அளவு உங்களுக்கு உதவும். அதற்காக இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிடாதீர்கள். கீபோர்டு வைக்க இடமில்லாமல் போகும், தோள் வலிக்கும்.

அழுத்த அளவு பற்றி. 2048, 8192, இப்போது 16384 வரை போடுகிறார்கள். 2048இலிருந்து 8192க்கு மாறியபோது என் கோட்டில் எந்த வித்தியாசமும் நான் பார்க்கவில்லை. வித்தியாசம் தெரிந்தது வேறொன்றில். பேனா எவ்வளவு லேசாகப் பட்டால் கோடு விழ ஆரம்பிக்கிறது என்பதுதான் அது. புருவத்தின் கடைசி முடியை நினைத்துப் பாருங்கள். பென்சிலைத் தூக்கிக்கொண்டே இழுப்போம், கோடு மெலிந்து காற்றில் கரையும். என் பழைய பேனாவில் அது கரையாது, நறுக்கியது போல நின்றுவிடும். புதியதில் கரைந்தது. பெட்டியின் மேல் இதைப் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை, கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பேட்டரி இல்லாத பேனாவாகவும் பாருங்கள். டேப்லெட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களின் காந்தப்புலத்திலிருந்தே பேனா சக்தியை எடுத்துக்கொள்ளும். எடை குறைவு, சார்ஜ் போடும் வேலை இல்லை.

திரை உள்ளது வாங்கலாமா? நண்பர் ஒருவருடையதை இரண்டு வாரம் இரவல் வாங்கி வரைந்தேன். மை கோடு அதில் வேகமாக வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் குனிந்தே உட்கார்ந்து நான்காம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. என் கையே படத்தின் பாதியை மறைத்தது. மணிக்கணக்கில் வரைந்தால் கண்ணாடி சூடேறியது. மேல் கண்ணாடி திரையோடு ஒட்டியிருக்காத மாடல் என்பதால் பேனா முனைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி தெரிந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து நேராகத் திரையைப் பார்த்து வரைவது எனக்குப் பிடித்துவிட்டது. சிலருக்குக் கை ஓர் இடம், கண் ஓர் இடம் என்பது கடைசிவரை ஒட்டாது. அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வாரமாவது கொடுக்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள். அந்த மூன்று வாரமும் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு எல்லா வேலைக்கும் பேனாவையே உபயோகியுங்கள். ஃபோல்டர் திறப்பதும் பேனாவில்தான். எனக்குக் கை பழகியது வரைந்ததால் என்பதைவிட, அந்தச் சில்லறை வேலைகளால்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பாட்டியின் படம் கடைசியில் முடிந்தது. கழுத்துச் சுருக்கத்துக்கு மட்டும் நான்கு இரவு. சொந்தக்காரர்களிடம் காட்டியபோது முதலில் வந்த கேள்வி, "ஏஐல போட்டதா?" இன்னொருவர், "என்ன டைப் பண்ணினே?" என்றார். முன்பெல்லாம் "கம்ப்யூட்டரே போட்டுடுமா?" என்று கேட்பார்கள், அதுவே வலிக்கும். கம்ப்யூட்டர் எனக்கு ஒரு கோடுகூடப் போட்டுத் தரவில்லை. அந்தக் காதோரத்து நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக இழுத்தது. கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் போட்டேன், ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்த லேயர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். டேப்லெட்டில் வரைவதும் வரைவதுதான். உங்கள் காதிலும் இந்தக் கேள்விகள் விழும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். புதிய டிரைவரைப் போடும் முன் பழைய டேப்லெட்டின் டிரைவரை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போகலாம், பழி பேனா மேல் விழும். பேனாவின் முனையான நிப் தேயும். தேய்ந்த நிப் ஒரு பக்கம் உளிபோலச் சாய்ந்து பரப்பைக் கீறும், அதனால் விரலால் அவ்வப்போது தடவிப் பார்த்து மாற்றிவிடுங்கள். பெட்டி வந்த முதல் நாளே ஒரு மூடியை வைத்து வட்டம் போடுங்கள். அப்புறம் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, மிக மெதுவாக, பத்து விநாடி எடுத்து ஒரு கோடு இழுங்கள். வட்டம் நசுங்கினால் செட்டிங்கில் சரிசெய்யலாம். சாய்கோடு அலை அலையாக நெளிந்தால், மென்பொருளில் கோட்டின் நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு இன்னொரு மென்பொருளிலும் இழுத்துப் பாருங்கள். அங்கேயும் நெளிந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.