காந்தம் ஒட்டினால் மட்டமான பாத்திரமா?

அடுப்புக்கு ஏற்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் திருமணத்துக்குச் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்களைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் புழங்கி வருகிறேன். இப்போது குடிவந்திருக்கும் வாடகை வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே இருக்கிறது. என் பாத்திரங்களில் பாதியை அது ஏற்கவில்லை. "காந்தம் ஒட்டினால் அது மட்டமான எவர்சில்வர்" என்று சொல்லி, ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் அம்மா வாங்கினார். கடைக்காரரோ, "காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, பெங்களூரு

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். உங்கள் அம்மா பாத்திரத்தின் தரத்தைப் பார்த்தார். கடைக்காரர் உங்கள் அடுப்பின் தேவையைப் பார்க்கிறார்.

நாம் எவர்சில்வர் என்று பொதுவாக அழைக்கும் உலோகத்தில் பல வகைகள் உள்ளன. சமையல் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற 304 என்னும் வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்திருக்கும். புளி, உப்பு, தயிர் எதற்கும் எளிதில் அரிக்காத இந்த வகையில், நிக்கல் சேர்ந்திருப்பதால் காந்தம் ஒட்டாது. நிக்கல் சேராத 430 வகையில் காந்தம் இறுகப் பிடிக்கும். ஆனால் அரிப்பைத் தாங்கும் திறன் அதற்குச் சற்றுக் குறைவு. அம்மாவின் சோதனைக்கு இதுவே அடிப்படை. அதே சமயம், காந்தம் ஒட்டாத எல்லாமே 304 ஆகிவிடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான வகைகளிலும் அது ஒட்டுவதில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பில் நெருப்பும் இல்லை, பழுக்கக் காய்கிற கம்பியும் இல்லை. கண்ணாடித் தளத்துக்கு அடியில் உள்ள செம்புக் கம்பிச் சுருளில், நொடிக்கு 20,000 முறைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் பாய்கிறது. அதனால் உண்டாகும் காந்தப் புலம் பாத்திரத்தின் அடிப்பகுதியில் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அடுப்பு காயாமல் பாத்திரமே நேராகக் காய்கிறது. இரும்பைப் போலக் காந்தத்தை ஈர்க்கும் அடிப்பாகம் இருந்தால்தான் இது நடக்கும். செம்பு, பித்தளை, அலுமினியம், மண்சட்டி, கல்சட்டி எதையும் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு ஏற்காது.

புதிதாக வாங்குவதானால், உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே 430 என மூன்று அடுக்காகச் செய்த பாத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். உணவு படும் பக்கத்தில் அம்மா விரும்பிய தரமும், அடுப்பு படும் பக்கத்தில் காந்தம் பிடிக்கும் உலோகமும் அதில் சேர்ந்தே கிடைக்கும். எவர்சில்வரைவிட அலுமினியம் சுமார் 15 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், நடுவில் உள்ள அந்த அடுக்கு சூட்டை எங்கும் பரப்பிவிடும்; பால் அடிப்பிடிப்பதும் பெரிதும் குறையும். விலை கூடுதல்தான். எனினும் மெல்லிய பாத்திரங்கள் ஆறு வாங்குவதைக் காட்டிலும் இவ்வகையில் இரண்டு வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

கடைக்குப் போகும்போது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கும் காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதைப் பாத்திரத்தின் விளிம்பில் வைக்காமல், கவிழ்த்து அடியின் நடுவில் வைத்துப் பாருங்கள். 304 தகட்டை அச்சில் அழுத்திப் பாத்திரமாக்கும்போது, வளைவு விழும் இடங்களில் மட்டும் அதற்குச் சிறிது காந்தத் தன்மை வந்துவிடுகிறது. ஓரத்தில் லேசாக ஒட்டிய காந்தம் நடுவில் வழுக்கி விழுந்தால், அந்தப் பாத்திரம் உங்கள் அடுப்புக்கு ஆகாது. அடி சமதளமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தளத்துக்கும் பாத்திரத்துக்கும் இடைவெளி கூடக்கூட வெப்பம் குறையும். ஐந்து அங்குலத்துக்கும் குறைந்த அடியைப் பல அடுப்புகள் உணர்வதே இல்லை. தாளிக்கும் கரண்டி இரும்பாகவே இருந்தாலும் வேலை செய்யாததற்கு இதுவே காரணம். தாளிக்கவென்று தட்டையான அடியுள்ள சிறிய இரும்புச் சட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீர்ப் பாத்திரங்களைப் பழைய விலைக்குப் போட்டுவிட வேண்டாம். மாவு கரைக்க, தயிர் உறையூற்ற, சமைத்ததை மாற்றி வைக்க அவற்றைவிட நல்ல பாத்திரம் கிடைக்காது.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பில் இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் தோசை நடுவில் கருகி, ஓரம் வேகாமல் வெள்ளையாக நிற்கிறது. கல்லில் குறையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கல்லில் குறை இல்லை. பெரும்பாலான வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புகளின் சுருள் ஒரு சாண் அகலம்கூட வராது. உங்கள் கல் 12 அங்குலம் என்றால், சுருளுக்கு நேர் மேலே உள்ள பகுதி மட்டுமே நேரடியாகச் சூடாகிறது. வார்ப்பிரும்பு சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்குமே தவிர, விரைந்து பரப்பாது. கல்லின் மேல் நீர் தெளித்துப் பார்த்தால் தெரியும்: நடுவில் விழுந்த துளிகள் சுர்ரென்று துள்ளி மறைய, ஓரத்தில் விழுந்தவை அப்படியே தேங்கி நிற்கும்.

அடுப்பைக் குறைந்த அளவில் வைத்து, ஏழெட்டு நிமிடம் பொறுமையாகக் காய விடுங்கள். ஓரத்திலும் துளி துள்ளிய பிறகே முதல் தோசையை ஊற்றுங்கள். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைப்பது கூடாது. நடு மட்டும் திடீரென விரிவதால் கல் விரிசல் காணவும் வாய்ப்புண்டு. புதிதாக வாங்குவதானால் 10 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கல்லைக் கண்ணாடித் தளத்தின் மேல் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும்.

நான்ஸ்டிக் தோசைக்கல் வைத்திருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். அதன் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கிவிடும். இண்டக்‌ஷனில் வெறும் கல் மிக விரைவாகக் காய்வதால், அடுப்பை மூட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

கேள்வி: மாமியார் கொடுத்த ஈயச்சொம்பும் கல்சட்டியும் என்னிடம் உள்ளன. இன்ஃப்ராரெட் அடுப்பில் எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம் என்கிறார்கள். இவற்றையும் வைக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கல்சட்டியை வைக்கலாம், ஈயச்சொம்பை வைக்காதீர்கள்.

இன்ஃப்ராரெட் அடுப்பில் கம்பிச்சுருள் செந்தணலாகக் காய்ந்து, கண்ணாடி வழியே சூட்டைத் தருகிறது. அதனால் உலோகம் எதுவானாலும், அடி தட்டையாக இருந்தால் போதும். கல்சட்டி மெதுவாகக் காய்ந்து மெதுவாக ஆறும் இயல்புடையது. குறைந்த சூட்டில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். வற்றல்குழம்பு கெட்டியாவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். சூடான சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றிவிடாதீர்கள்.

ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது; 232 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பின் சூடு கொதிநிலையை ஒட்டியே நிற்பதால்தான் அது அடுப்பைத் தாங்குகிறது. எங்கள் வீட்டில் ஒருநாள், ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, வெறும் சொம்பை எரிந்துகொண்டிருந்த பர்னரின் மேலேயே வைத்துவிட்டோம். அடி பளபளவென்று தளர்ந்து, வெள்ளித் துளிகளாக அடுப்பில் சொட்டியது. மூன்று தலைமுறை கண்ட சொம்பு ஒரு நிமிடத்தில் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை. இன்ஃப்ராரெட் அடுப்பில் அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் கொதித்துக்கொண்டிருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்து, நுரை கூடியதும் சொம்பில் ஊற்றி மூடி வையுங்கள்.

வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு என்பதையும் மறந்துவிட வேண்டாம். காரீயம் நஞ்சு, குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு செய்வது. கலப்பு உண்டா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புதிய சொம்பு வாங்குவோர் சோதனைச் சான்று கேட்டு வாங்க வேண்டும். ஐயமிருந்தால் அந்தச் சொம்பில் சமைக்கவே கூடாது.

கேள்வி: எரிவாயு அடுப்பில் குக்கரில் மூன்று விசில் விட்டால் பருப்பு குழைந்துவிடும். இண்டக்‌ஷனில் மூன்று விசில் விட்டும் பருப்பு அரை வேக்காடாக இருக்கிறதே?
– வாசகி, ஈரோடு

பதில்: விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள். முழு வேகத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு மிக விரைவில் ஆவியை எழுப்புவதால் விசில்கள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. பருப்பு வேகத் தேவையான நேரமோ கிடைப்பதில்லை. முதல் விசில் வந்ததும் சூட்டைக் குறைத்துப் பத்து நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கிய பின் திறவுங்கள். முதல் முறை சற்று முன்பின்னாக இருந்தால், அடுத்த முறை ஓரிரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ உங்கள் குக்கரின் கணக்கைப் பிடித்துவிடலாம்.

கேள்வி: என் தந்தைக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்கள். அவர் இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இயங்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் பேஸ்மேக்கர் பொருத்திய இடத்துக்கும் இடையே குறைந்தது 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி, இருக்க வேண்டும் என்பது பொதுவாகத் தரப்படும் அறிவுரை. அவ்வளவு தள்ளி நின்று கிளறிச் சமைப்பது எளிதல்ல. எனவே அவர் சமைப்பதற்கு எரிவாயு அடுப்போ இன்ஃப்ராரெட் அடுப்போ வைத்துக்கொடுப்பதே நல்லது. மற்றவர்கள் இண்டக்‌ஷனைப் பயன்படுத்துவதானாலும், அவருடைய கருவியின் விவரத்தைச் சொல்லி இதய மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.