பத்து பெரிங்கியில் மட்டும் கடல்பாம்பா?

வணக்கம் தங்கச்சி. உயிரினப் படங்களை மக்கள் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் வரைபடத்தில் கடல்பாம்புப் புள்ளிகள் எல்லாம் பினாங்குத் தீவின் பத்து பெரிங்கியில் குவிந்து, அதே தீவின் பாலிக் புலாவ் பக்கம் காலியாக இருக்கிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். அது பாம்பின் வரைபடம் இல்லை, கேமராவின் வரைபடம். ஒவ்வொரு கடற்கரையிலும் நண்டு, சிப்பி என மற்ற கடலோர உயிர்களுக்கு எத்தனை படம் பதிவாகியிருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். அவையும் குறைவென்றால் அங்கே ஆள் போகவில்லை, அவ்வளவுதான்.

படங்களில் வாலைப் பாருங்கள். கடல்பாம்புக்குத் துடுப்புபோல் தட்டை; அலையாத்திச் சேற்றில் நெளியும் நாய்முகப் பாம்புக்கு வால் உருண்டு கூராகும். இந்த இரண்டையும் மாற்றிப் பதிவது சகஜம் (நானும் செய்திருக்கிறேன்!).

செத்து ஒதுங்கியதையும் படகுத்துறையில் வலையிலிருந்து எடுத்ததையும் தனிப் பதிவாக வையுங்கள். பிடிபட்ட இடம் வேறாக இருக்கலாம். செத்ததென்றாலும் கையால் தொடாதீர்கள்.