விக்கித் தளத்தில் கதை உத்திகளை வகைப்படுத்துவதற்கு இரசிகர்கள் இவ்வளவு சண்டை போடுவது ஏன்?

கேள்வியோடு நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: டிவி ட்ரோப்ஸ் என்ற தளத்தில் ஒரு வில்லனை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று உங்கள் நண்பர் முகம் தெரியாத ஆட்களோடு மூன்று வாரமாக வாதாடிக்கொண்டிருக்கிறார். சம்பளம் இல்லை, புகழும் இல்லை. இது வேலையற்ற வேலைதானே என்று கேட்கிறீர்கள்.

மூன்று வாரம்தானா? நண்பர் புதியவராக இருக்க வேண்டும். நான் அந்த வேலையற்றவர்களில் பழையவன். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் ஒருசார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தளத்தைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 2004-இல், பஃபி த வாம்பயர் ஸ்லேயர் என்ற அமெரிக்கத் தொடரை மையமாக வைத்துத் தொடங்கியது இது. கதைகளில் திரும்பத் திரும்ப வரும் மரபுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் எடுத்துக்காட்டுகள். விக்கிப்பீடியாவைப் போல ‘இந்தப் படைப்பு குறிப்பிடத்தக்கதா’ என்று யாரும் கேட்பதில்லை. ஷேக்ஸ்பியருக்கும் இடம் உண்டு, நேற்று வந்த கார்ட்டூனுக்கும் இடம் உண்டு. வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது. சண்டையெல்லாம் உள்ளே நுழைந்த பிறகுதான்.

என் முதல் அடி எங்க வீட்டுப் பிள்ளையில் விழுந்தது. 1965-இல் வந்த எம்.ஜி.ஆர். படம். சிறு வயதிலேயே பிரிந்த இரட்டையரில் ஒருவர் அஞ்சி நடுங்குபவர், மற்றவர் யாருக்கும் அடங்காதவர். இருவரும் இடம் மாறுகிறார்கள், கொடுமைக்காரருக்குச் சவுக்கடி விழுகிறது. நமக்கு மனப்பாடமான கதை. இரட்டையர் இடம் மாறும் உத்திக்கென்று அங்கே ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒரு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் ஒருவர் கேட்டிருந்தார்: ‘இவர்கள் பேசிவைத்துக்கொண்டு மாறுகிறார்களா, அல்லது சுற்றியிருப்பவர்கள் ஆளை மாற்றி நினைத்துக்கொள்கிறார்களா?’

எனக்குத் தெரியவில்லை. பத்து முறையாவது பார்த்த படம், ஆனால் பதில் தெரியவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தேன். இன்னொருவன் இருப்பதே இருவருக்கும் தெரியாது. திட்டம் எதுவும் கிடையாது, மாற்றம் தற்செயலாகவே நடக்கிறது. என் வரி வேறு தலைப்புக்குப் போனது. பிறந்த வீட்டிலிருந்து பிரிந்தவர்கள் என்பதற்கு இன்னொரு தலைப்பு இருந்தது, அதிலும் ஒரு வரி சேர்ந்தது. ஒரே நடிகர் இரண்டு பாத்திரங்களில் நடிப்பதற்கு மூன்றாவது ஒரு தலைப்பு. நாம் இத்தனையையும் ‘இரட்டை வேடம்’ என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தச் சொல் நடிகரைப் பற்றியது. கதையில் என்ன நடக்கிறது என்று அது எதுவுமே சொல்வதில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி இதுவே. வகைப்படுத்தும் சண்டை ஆளை மறுபடி படைப்பின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

உட்காருவது என்றதும் நினைவுக்கு வருகிறது. எதெல்லாம் உத்தி ஆகாது என்று சொல்வதற்கே அங்கே ஒரு பக்கம் உண்டு. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘மக்கள் நாற்காலியில் உட்காருகிறார்கள்’. எல்லாக் கதையிலும் யாராவது நாற்காலியில் உட்காருகிறார்கள்தான். அதைப் பட்டியல் போட்டு என்ன பயன்? ஆனால் முதலாளி செத்த மறுநாள் காலையில் தம்பி வந்து, யாரையும் பார்க்காமல், அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால் அது வேறு விஷயம். பார்க்கிற எல்லோருக்கும் ஏதோ ஒன்று புரிந்துவிடுகிறது. பார்ப்பவருக்குப் பொருள் தரும்படி வைக்கப்பட்டது எதுவோ அதுதான் உத்தி. புதிய பக்கம் தொடங்க வருபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வரைவை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிடித்தவர்கள் தொப்பி போடுவார்கள், பிடிக்காதவர்கள் வெடிகுண்டு போடுவார்கள். வாக்குகளுக்கு அங்கே அதுதான் பெயர்.

பதிலின் மறுபாதி பெயர் பற்றியது. என் அனுபவத்தில் அங்கே நடக்கும் பெரிய வழக்குகள் பலவற்றுக்கு வேர் பெயரில் இருக்கிறது. வரையறையை நிதானமாகப் படிப்பவர்கள் சிலர், பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஓடுபவர்கள் பலர்.

1994-இல் தொடங்கிய டிஸ்னியின் கார்கோயில்ஸ் தொடரில் டேவிட் சனாடோஸ் என்று ஒரு கோடீசுவர வில்லன். அவன் பெயரில் ஓர் உத்தி இருக்கிறது: சனாடோஸ் சூழ்ச்சி. வரையறை மிகக் கறாரானது. திட்டம் எப்படி முடிந்தாலும், தோல்வி போலவே முடிந்தாலும், போட்டவனுக்கு ஆதாயம் இருக்க வேண்டும். ஒரு மாளிகையில் திருட ஆள் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடிக்கொண்டு வந்தால் நகை கையில். பிடிபட்டால், அந்த மாளிகையின் காவல் எங்கே பலம், எங்கே ஓட்டை என்ற தகவல் கையில். இரண்டு பக்கமும் கூர். இவ்வளவுதான். ஆனால் பெயரின் கம்பீரம் ஆளை இழுத்தது. கொஞ்சம் சிக்கலாக யோசித்த வில்லன் எல்லோருக்கும் இந்தப் பட்டம் சூட்ட ஆரம்பித்தார்கள். எதிரி இப்படித்தான் நடந்துகொள்வான் என்று கணித்துப் போடும் திட்டம் வேறு. அதற்குப் பேட்மேன் பெயரில் தனிப் பக்கம் இருக்கிறது. சூழ்நிலை மாற மாற நின்ற இடத்திலேயே திட்டத்தை மாற்றிக்கொள்வது வேறு. பத்துத் தற்செயல்கள் வரிசையாக ஒத்து வந்தால்தான் பலிக்கும் என்ற திட்டம் இன்னும் வேறு. இவை எல்லாம் ஒரே பெயரின் கீழ் வந்து குவிந்தால் அந்தப் பெயருக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

இப்படி ஒரு பெயர் தறிகெட்டு ஓடுகிறது என்று யாராவது முறையிட்டால், அங்கே வெறும் வாய்ச்சண்டைக்கு இடமில்லை. ‘விக்’ சோதனை செய்து கொண்டுவா என்பார்கள். விக்கி, லிங்க் இரண்டையும் ஒட்டிச் சுருக்கிய சொல் அது. அந்தப் பெயருக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் பக்கங்களில் குறைந்தது 50-ஐ எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, சரி, தவறு, விளக்கமே இல்லை, தெளிவில்லை என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒருமுறை இந்த வேலையை நான் தலைமேல் போட்டுக்கொண்டேன். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் நான்கு பத்தி கோடு போட்டு உட்கார்ந்தேன். ‘தவறு’ பத்திதான் நிரம்பும் என்று நினைத்தேன். நிரம்பியதோ ‘விளக்கமே இல்லை’ பத்தி. ‘வில்லன் படம் முழுவதும் செய்வது இதைத்தான்’ என்ற ஒற்றை வரி. எதைச் செய்கிறான், எப்போது, யாரிடம்? ஒன்றும் இல்லை. அந்தப் படத்தைப் பார்க்காதவருக்கு அந்த வரியால் பயன் இல்லை. பார்த்தவருக்கு அது தேவையும் இல்லை. இப்படி வெற்றாக நிற்கும் வரிகளை யாராவது விளக்கம் எழுதும் வரை பக்கத்தில் தெரியாமல் மறைத்துவைப்பது அங்கே வழக்கம். மிக நல்ல வழக்கம் என்பேன். நம் ஊர்த் திரைப்பட விமர்சனங்கள் சிலவற்றுக்கும் இதைச் செய்யலாம்.

சரி, பாத்திரத்தின் பெயரை வைத்தால்தானே இந்தக் குழப்பம், புரிகிற பெயராக வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அவர்களும் இப்போது பாத்திரங்களின் பெயரைப் புதிய உத்திகளுக்குச் சூட்டுவதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் புரிகிற பெயரும் காலை வாரும். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் பெயரில் இருக்கும் ‘செகாவின் துப்பாக்கி’ என்ற உத்தி இதற்குச் சாட்சி. சுடப்போவதில்லை என்றால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்காதே என்று செகாவ் 1889-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் சொன்னது சிக்கனம் பற்றி: வேண்டாததை வெட்டு. விக்கியில் அது, தொடக்கத்தில் சும்மா காட்டிவிட்டுப் போன பொருள் கடைசியில் கதையைத் திருப்புவது என்று ஆகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. பெயரில் துப்பாக்கி இருக்கிறதே என்று, கதையில் துப்பாக்கி வந்த இடத்தையெல்லாம் கொண்டுவந்து சேர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்தப் பெயர் வைத்தால் சரிவரும் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இங்கே எனக்குத் தொல்காப்பியர் நினைவு வராமல் இருப்பதில்லை. போர்ப் பாடல்களின் வகைகளுக்கு அவர் தரும் பெயர்களைப் பாருங்கள். ஆநிரை கவர்வதற்கு வெட்சி, மதிலை முற்றுவதற்கு உழிஞை, நேருக்கு நேர் நின்று மோதும் போருக்குத் தும்பை. எல்லாம் பூவும் கொடியும். தும்பை என்ற பெயரை மட்டும் கேட்டு எவனும் பொருளை ஊகித்துவிட முடியாது. படித்தே ஆக வேண்டும். அந்த வகையில் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. அப்படியும் வழக்கு ஓயவில்லை. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 188 அடி. பிரிவில் வாடும் அரசி, பாசறையில் தூங்காமல் நடக்கும் அரசன். படிக்கிற எவருக்கும் அகம் என்றே தோன்றும். அகப்பாட்டில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’, அதாவது இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பாட்டில் யார் பெயரும் இல்லை. ஆனால் ஓரிடத்தில் வேலின் தலையில் வேப்பம்பூ கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆக ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்பு எழுதிவிட்டார். ஒரு கொத்து வேப்பம்பூவுக்காக ஒரு முழுப் பாட்டு பட்டியல் மாறியது. அதை ஏற்காதவர்களும் உண்டு, வாதம் இன்னும் நடக்கிறது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டுக்கு அடியில் துறை, அதாவது உள்வகை, எழுதியவரோ ‘செவியறிவுறூஉ’ (அரசனுக்கு அறிவுரை) என்று எழுதிவிட்டு, ‘வாழ்த்தியலும் ஆம்’ என்று கூடவே சேர்த்திருக்கிறார். அந்த ‘ஆம்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டு தலைப்பிலும் இணைப்புக் கொடுத்துவிட்டுச் சண்டையிலிருந்து நழுவும் விக்கி ஆசாமி ஒருவர் என் கண்முன் வருகிறார்.

இனி உங்கள் நண்பரிடம் வருவோம். ‘பார்வையாளர் எதிர்வினை’ என்று அங்கே தனியாக ஒதுக்கிவைத்த பகுதி ஒன்று உண்டு. கதையில் இருப்பது வேறு, பார்த்தவருக்குத் தோன்றுவது வேறு என்பதால் இந்தப் பிரிவினை. ஹேப்பி டேஸ் என்ற அமெரிக்கத் தொடரில், 1977-இல், தோல் ஜாக்கெட்டோடு நீரில் சறுக்கிப்போய் ஒரு சுறாவைத் தாண்டினார் நாயகர்களில் ஒருவர். ஒரு தொடர் சரியத் தொடங்கும் கணத்துக்கே ‘சுறாவைத் தாண்டுதல்’ என்று ஆங்கிலத்தில் பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தொடரோ 1984 வரை ஓடியது. எங்கே சரிந்தது என்பதை யார் சொல்வது? அதனால்தான் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

உங்கள் நண்பர் சிக்கியிருப்பது அநேகமாக அந்தப் பகுதியில் இருக்கும் ‘முழு அரக்கன்’ என்ற தலைப்பில். துளியும் நல்ல குணம் இல்லாத, வருத்தமே படாத, அந்தக் கதையின் அளவுகோலிலேயே மிகக் கொடியவனாக நிற்கிற வில்லனுக்கான இடம் அது. யாரும் தானாகப் போய்ப் பெயர் சேர்த்துவிட முடியாது. முதலில் முன்மொழிந்து, குற்றப்பத்திரிகை போல விவரம் எழுதி, மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘கதையின் அளவுகோல்’ என்பதில்தான் தலைவலி. எல்லோரும் கொலை செய்கிற கதையில் கொலை போதாது. எல்லோரும் சாதுவாக இருக்கிற பள்ளிக்கூடக் கதையில் மிகச் சின்னக் கொடுமையும் மலையாகத் தெரியும். அப்புறம் நாய். வில்லன் மூன்றாம் அத்தியாயத்தில் தன் நாயைத் தடவிக்கொடுக்கிறான். அது அன்பா, உடைமைப் பெருமையா? நாய் செத்தபோது அழுதானா, ஆத்திரப்பட்டானா? கேட்க அபத்தம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காட்சியை எழுதியவர், நடித்தவர், படம்பிடித்தவர் எல்லோரும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்திருப்பார்கள்.

இது பொழுதுபோகாதவர்களின் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் வேலையை ஃபின்லாந்தின் ஆன்டி ஆர்னே 1910-இல் தொடங்கினார். அமெரிக்கரான ஸ்டித் தாம்ஸன் அதை 1928-இலும் 1961-இலும் விரித்தார். ஜெர்மானியரான உத்தர் 2004-இல் திருத்தினார். டிவி ட்ரோப்ஸ் பிறந்த அதே ஆண்டு. சிண்ட்ரெல்லாவுக்கு அங்கே 510ஏ என்று எண் இருக்கிறது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் அடித்துத் திருத்தியும், அவர்களுக்கும் சில கதைகள் இரண்டு எண்களில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தன.

எனக்கும் சலிப்பு வருகிற இடம் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. புதிய படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனம் தலைப்புகளை அடுக்க ஆரம்பித்துவிடும். பக்கத்தில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார், நான் ‘இது அந்தப் பக்கத்தில் வரும்’ என்று முணுமுணுப்பேன். இரண்டு முறை முழங்கையால் இடி வாங்கியிருக்கிறேன். இப்போது கணினியை மூடியபிறகே படம், படம் முடிந்தபிறகே கணினி.

நண்பரைத் தடுக்க வேண்டாம். அடுத்த பதில் எழுதும் முன் அந்தக் காட்சியை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள், பார்க்காமல் போய் மாட்டிக்கொண்டவன் சொன்னதாக. யார் அந்த வில்லன் என்று நீங்கள் எழுதவே இல்லையே. பின்னூட்டத்தில் சொல்லுங்கள், நாய் வளர்க்கிறவனா என்பதையும் சேர்த்து.